லவோன் ஒளித்து வைத்த காலிஃப்ளவர்

லவோன் ஹாக்ஸ்டாட் பயந்து பயந்தே அறுபத்து மூன்று வயதை எட்டியவள். ஹால்வர்டன் ஊரில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. இருபத்தெட்டு வருஷம் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் கொண்டுபோய்க் கொண்டுவந்தவள் அவள். மினசோட்டாவின் வடகோடியில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சாலை கண்ணாடி மாதிரி கிடக்கும். அந்தச் சாலையில் அவளுடைய வண்டி ஒரு தடவைகூடப் பள்ளத்தில் இறங்கவில்லை. "லவோன் அக்செலரேட்டரை மிதிக்க மாட்டா, அதுகிட்ட அனுமதி கேப்பா" என்று பள்ளியில் கிண்டல் செய்வார்கள். ஆனால் புயல் அன்று பிள்ளையை யார் வண்டியில் ஏற்றுவது என்று வந்தால் எல்லாத் தாய்மாரும் அவள் வண்டியைத்தான் தேடினார்கள்.

அவளுடைய கணவன் கேலனுக்குப் பயம் என்பது பக்கத்து வீட்டுச் சமாசாரம். மாவட்டத்துக்குப் பனி வாரும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். உறைந்த ஏரியின் மேல் லாரியை நிறுத்தி மீன் பிடிப்பான். பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம் கேட்டால், "ஏரி கொட்டாவி விடுது" என்பான். அவன் கரையேறும் வரை லவோன் சமையலறை ஜன்னலை விட்டு நகரமாட்டாள்.

கேலனுக்குச் சர்க்கரை வியாதி வந்து ஒன்பது வருஷம். மாத்திரைகளோடு ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் குளிர்காலம் தொடங்கியதும் மாத்திரை போதவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கென்று இருந்த நர்ஸ் அவனை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, ஒரு அட்டையும் எழுதித் தந்தாள். ரொட்டி சாப்பாடு என்றால் பத்து. உருளைக்கிழங்கோ நூடுல்ஸோ இருந்தால் பதினாலு. வெறும் இறைச்சியும் காய்கறியும் என்றால் மூன்று. தட்டில் என்ன இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி பேனாவின் அடியைத் திருகி, வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டும்.

கேலன் அந்த அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டவில்லை. குளியலறை அலமாரிக்குள் வைத்துக்கொண்டான். ஊசியையும் அங்கேயே, கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டுக்கொண்டான். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள்முன் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி ஊசி போட்டுக்கொள்ள அவனுக்கு வெட்கம். லவோனும் எட்டிப் பார்க்கவில்லை. ஊசி அவன் பாடு, அடுப்பு அவள் பாடு. யாரும் போடாத ஒப்பந்தம் அது.

அடுப்பு தன் பாடு என்றானதும் லவோன் சும்மா இருக்கவில்லை. கேலனின் அண்ணன் டேலுக்கு இதே வியாதிதான். முதலில் கட்டைவிரல். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே மொத்தமும். அதற்கப்புறம் பதினோரு மாதம் இருந்து போய்ச் சேர்ந்தார். டாக்டர் 'இன்சுலின்' என்று சொன்ன நிமிஷத்திலிருந்து லவோனுக்குக் கேலனின் கால்தான் கண்முன் நின்றது. அவன் சோபாவில் கால்நீட்டித் தூங்கும்போது சாக்ஸுக்கு மேலே விரல்களை எண்ணிப் பார்ப்பாள். பத்தும் இருக்கும். இருந்தாலும் எண்ணுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேலன் மீன்பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் அலமாரிகளைக் காலி செய்தாள். சர்க்கரை, தேன், பழரசம், திராட்சை, ஜாம், ரொட்டி, பால், எல்லாம். கேலன் ஒளித்து வைத்திருந்த மிட்டாய்களையும் தேடித் தேடி எடுத்தாள். மூன்று பெட்டி நிறைந்தது. அவற்றைச் சர்ச்சுக்குக் கொண்டுபோனாள்; ஏழைகளுக்குக் கொடுக்க அங்கே வாங்கிக்கொள்வார்கள். அங்கேயே காப்பி நேரத்தில், எல்லார்முன்னும் நின்று, தன் வாழ்நாளில் பேசாத உரத்த குரலில் சொன்னாள்:

"கேலனுக்கு யாராவது ஒரு துண்டு கேக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சுது, நான் அவங்களோட ஜென்மத்துக்கும் பேசமாட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

மிச்சமிருந்தது உருளைக்கிழங்கு. அங்கேதான் கேலன் அசையவில்லை. அந்த ஊரில் ஹாட்டிஷ் இல்லாத வீடு கிடையாது. இறைச்சியும் கிரீமும் கலந்து ஒரு தட்டத்தில் பரப்பி, மேலே கட்டைவிரல் பருமனுக்கு உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாக அடுக்கி, ஓவனில் வைத்து மொறுமொறுவென்று எடுப்பது. பிள்ளை பிறந்த வீட்டுக்கும் இழவு வீட்டுக்கும் அதையேதான் கொண்டுபோவார்கள்.

"என்னத்தை வேணா நிறுத்து," என்றான் கேலன். "பீரை நிறுத்தினே, சரின்னேன். ரொட்டியை நிறுத்தினே, பொறுத்துக்கிட்டேன். வியாழக்கிழமை ஹாட்டிஷ்ல கை வச்சே, நான் மீன் குடிசைக்கே குடிபோயிடுவேன்."

"டேலும் இப்படித்தான் பேசினாரு."

"டேல் டேல்னு எதுக்கெடுத்தாலும் ஏன் செத்தவனைக் கூப்பிடுறே? அவனாவது நிம்மதியா படுத்திருக்கட்டும்."

வியாழக்கிழமை வரட்டும் என்று லவோன் இருந்தாள்.

அந்த வியாழக்கிழமை காலையிலிருந்தே பனி கொட்டியது. மதியம் மூன்று மணிக்கு அவள் வேலையைத் தொடங்கினாள். காலிஃப்ளவரைத் துருவி, வேகவைத்து, துணியில் கட்டி, மணிக்கட்டு நோகும்வரை பிழிந்தாள். நீர் ஒரு சொட்டு நின்றாலும் உருண்டை உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். முட்டையும் துருவிய சீஸும் சேர்த்துப் பிசைந்து, கடையில் விற்கும் உருண்டையின் அதே அளவுக்கு, அதே நீளத்துக்குப் பிடித்தாள். முனைகளைக்கூடத் தட்டையாக்கினாள். கோழித் தொடைக்கறியை வெண்ணெயில் புரட்டி எடுத்து, அதே சட்டியில் பூண்டும் காளானும் வதக்கி, கெட்டிக் கிரீமை ஊற்றி, கிரீம் சீஸைக் கட்டி கட்டியாகப் போட்டுக் கரைத்தாள். வழக்கமாக ஊற்றும் டப்பா சூப்பில் மாவு இருக்கும், அதனால் அது வேண்டாம். கறியைத் தட்டத்தில் பரப்பி, உருண்டைகளை அடுக்கி, மேலே மிளகாய்த்தூளை ஒரு சிட்டிகை தூவினாள். நிறம் வரத்தான். ஓவன் கண்ணாடிமுன் குனிந்து நின்று, அவை பொன்னிறமாவதைப் பார்த்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. திருட்டு வேலை செய்பவளின் நெஞ்சு.

ஐந்தரை மணிக்கு வாசனை வீடு முழுக்கப் பரவியது. கேலன் வந்து எட்டிப் பார்த்தான்.

"அடடா! மனசு மாறிட்டியா?"

"வியாழக்கிழமைதானே" என்றாள் அவள், கரண்டியைக் கழுவிக்கொண்டே. திரும்பவில்லை.

"நீ நல்லவடி லவி. ஊர்ல என்ன பேசினாலும் நீ நல்லவ." விசிலடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. லவோன் தட்டுகளை எடுத்து வைத்தாள். கதவுக்குப் பின்னால் அவன் என்ன செய்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதை இந்தத் தட்டத்தோடு சேர்த்து நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

கேலன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். "இன்னிக்கு ஏதோ தனி ருசி" என்றான். லவோன் ஒரு வாய்கூட இறங்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்டுபிடிக்கவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் தோள்பட்டை கொஞ்சம் இறங்கியது.

முக்கால் மணி நேரம் கழித்து, பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு முன்னறையிலிருந்து ஏதோ விழும் சத்தம் கேட்டது. டிவி ரிமோட். கேலன் அதை எடுக்கக் குனிந்தவன் குனிந்தபடியே இருந்தான். போய் நிமிர்த்தினாள். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. வெளியே பூஜ்யத்துக்கும் கீழே குளிர். இவன் முகத்தில் வேர்வை வழிந்தது.

"கேலன்? என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. யாரு இங்க சூட்டை ஏத்தினது?" நாக்கு குழறியது. கை நடுங்கியது. அவள் கையைப் பிடித்ததும் உதறினான். "விடு! எல்லாத்துக்கும் புடிச்சுக்கறே."

லவோன் ஓடிப்போய்ச் சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துவந்து அவன் விரலைக் குத்தினாள். நாற்பத்தெட்டு என்று காட்டியது. நூறு இருக்க வேண்டிய இடத்தில்.

"எவ்வளவு ஊசி போட்டே?"

"பதினாலு. உருளைக்கிழங்குக்குப் பதினாலு. அட்டையில போட்டிருக்கு பாரு." அவன் பெருமையாகச் சொன்னான். "நான் அட்டைப்படிதான் போடுவேன்."

அந்த நிமிஷம் லவோனுக்கு எல்லாம் விளங்கியது. இல்லாத உருளைக்கிழங்குக்கு அவன் ஊசி போட்டிருக்கிறான். மூன்று போட வேண்டிய இடத்தில் பதினாலு. தேடிப் போன மாவுச்சத்து கிடைக்காமல் அந்த மருந்து இப்போது அவன் ரத்தத்தில் இருந்த கடைசிச் சர்க்கரையையும் தின்றுகொண்டிருக்கிறது.

"குளுக்கோஸ் மாத்திரை..." என்றான் கேலன், கண்ணை மூடிக்கொண்டு. "அலமாரியில, ஆரஞ்சுக் குழாய். நர்ஸ் குடுத்தது. சர்க்கரை இறங்கினா ரெண்டு மூணு மெல்லுன்னா..."

ஆரஞ்சு நிறக் குழாய். ஆரஞ்சு ருசி என்று மேலே எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கையில் எடுத்து, 'குளியலறையிலயுமா மிட்டாய் ஒளிச்சு வச்சிருக்கான்' என்று பல்லைக் கடித்து, பெட்டிக்குள் போட்டவள் அவள்தான்.

அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தாள். மறுமுனையில் இருந்த பெண்ணின் குரல் நிதானமாக இருந்தது.

"ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சும்மா. ஆனா சாலை மோசம், இருபத்தஞ்சு நிமிஷமாவது ஆகும். அவர் முழிச்சிருக்காரா? முழுங்க முடியுதா? அப்ப உடனே ஏதாவது இனிப்பு குடுங்க. ஜூஸ், சோடா, தேன், சர்க்கரைத் தண்ணி, எதுவா இருந்தாலும் சரி."

"சரி" என்று லவோன் அலமாரியைத் திறந்தாள். பான்கேக் பாகு பாட்டில் இருந்தது. திருப்பிப் பார்த்தாள்: சர்க்கரை இல்லாதது. அவளே வாங்கியது. ஒரு பை வெள்ளைப் பொடி: போலிச் சர்க்கரை. ஃப்ரிட்ஜில் சோடா: டயட். பாதாம் பால்: இனிப்பில்லாதது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எடுத்து வைத்தாள். வீடு முழுக்க இனிப்பு வேஷம் போட்ட பொருள்கள். ஒன்றிலும் ஒரு துளி சர்க்கரை கிடையாது. ஏழைகள் சாப்பிடட்டும் என்று பெட்டி கட்டியது ஞாபகம் வந்தது.

"எங்க வீட்ல இனிப்பே இல்ல" என்றாள் ஃபோனில்.

"ஒண்ணுமேவா?"

"நான் எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டேன்."

"பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?"

எதிர்வீட்டில் ட்ரூடி இருந்தாள். கணவனை இழந்தவள், சர்ச்சில் காப்பி ஊற்றுபவள், வாய் ஓயாதவள். செல்ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, சுவரில் இருந்த பழைய ஃபோனில் அவளைக் கூப்பிட்டாள்.

"ட்ரூடி, சர்க்கரை வேணும். இப்பவே. கேலனுக்கு."

ட்ரூடி சிரித்தாள். "போடி! என்னைச் சோதிச்சுப் பாக்குறியா? நேத்துகூட அவன் வந்து கெஞ்சினான், ஒரு பிஸ்கட் குடுக்கல, தெரியுமா? நீ சர்ச்ல போட்ட போட்டுக்கு..."

"ட்ரூடி!"

"சத்தியமாக் குடுக்கல. வேணும்னா கேட்டுப் பாரு அவனையே."

"ட்ரூடி, அவன் செத்துக்கிட்டு இருக்கான். நான்தான் கொன்னுக்கிட்டு இருக்கேன். ஜாம் இருந்தா எடுத்துக்கிட்டு ஓடி வா."

மறுமுனையில் ரிசீவர் தரையில் விழும் சத்தம் கேட்டது.

ஜன்னல் வழியாக ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையைத் தவிர. லவோன் கேலனின் தாடையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். தூங்காதே. என்னைப் பாரு. உன் லாரி என்ன கலர் சொல்லு. அவன் ஆரஞ்சு என்றான். பிறகு மீன் என்றான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் கண் திறந்திருந்தது. ஓடிப்போய் எதிர்வீட்டு வாசலில் நின்று கூப்பிடலாமா என்று நினைத்தாள். அந்த இரண்டு நிமிஷத்தில் இவன் சரிந்துவிட்டால்? நகரவில்லை.

கதவு இடித்துத் திறந்தது. ட்ரூடி ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வீட்டுச் செருப்புமாக நின்றாள். கோட்டு போடவில்லை. ஒரு கையில் காட்டுச் செர்ரி ஜெல்லி ஜாடி, மறு கையில் நிஜமான, சர்க்கரை போட்ட சோடா.

"எங்கடி அவன்?"

லவோன் சோடாவை ஒரு கோப்பையில் ஊற்றி அவன் உதட்டில் வைத்தாள். கேலன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். தலையைத் திருப்பினான்.

"குடி கேலன்."

"விஷம்" என்றான் பல்லுக்கு நடுவில். "நீதானே சொன்னே, காலை எடுத்துடுவாங்கன்னு. மாட்டேன்."

"இப்ப குடிக்கணும். இப்ப இதுதான் மருந்து."

"ஏமாத்தறே. சோதிச்சுப் பாக்குறே." கையால் தட்டினான். பாதி சோடா சோபாவில் கொட்டியது.

"டேய் கேலன் ஹாக்ஸ்டாட், வாயைத் திறடா!" என்று கத்தினாள் ட்ரூடி. "நான் ஒரு கால்ல செருப்போட வந்திருக்கேன்!"

அவன் திறக்கவில்லை. கண்ணிமை கீழே இறங்கிக்கொண்டு வந்தது. லவோன் அவன்முன் மண்டி போட்டாள்.

"கேலன், கேளு. நான் ஏமாத்தினது உண்மை. இப்ப இல்ல, சாயங்காலம். நீ சாப்பிட்டது உருளைக்கிழங்கு இல்ல. காலிஃப்ளவர். நான் துருவி, பிழிஞ்சு, உருண்டை புடிச்சு வச்சேன். நீ இல்லாத கிழங்குக்கு ஊசி போட்டுட்டே. உன் மாத்திரையும் மிட்டாய்னு நினைச்சு நான்தான் தூக்கிப் போட்டேன். அதனால குடி. என்மேல கோவம் இருந்தா குடிச்சிட்டுத் திட்டு. குடிடா."

அவன் அவளையே பார்த்தான். எங்கோ வெகுதூரத்திலிருந்து வருவதுபோல அந்த வார்த்தை வந்து சேர்ந்தது.

"காலிஃப்ளவரா?"

"ஆமா."

"நல்லா இருந்துச்சே" என்றான். சொல்ல வாய் திறந்த அந்த இடைவெளியில் லவோன் சோடாவை வைத்தாள். ஒரு மடக்கு உள்ளே போனது. பிறகு இன்னொன்று. பிறகு அவனே கோப்பையைப் பிடித்தான்.

பதினைந்து நிமிஷத்தில் அறுபத்தொன்று. ஆம்புலன்ஸ் வந்தபோது எண்பத்தாறு. வந்த இரண்டு தன்னார்வலர்களும் மருந்தின் வேகம் இன்னும் சில மணி நேரம் இருக்கும், ஆஸ்பத்திரிக்கு வருகிறீர்களா என்றார்கள். கேலன் மறுத்தான். அப்படியென்றால் ரொட்டி மாதிரி ஏதாவது சாப்பிட வேண்டும், அரை மணிக்கு ஒரு தடவை விரலைக் குத்திப் பார்க்க வேண்டும், மறுபடி இறங்கினால் உடனே கூப்பிட வேண்டும் என்று லவோனிடம் இரண்டு தடவை சொல்லிப் போனார்கள். ட்ரூடி திரும்பப் போய், இரண்டு காலிலும் பூட்ஸோடு, ரொட்டியும் ஒரு தட்டு ஓட்ஸ் கேக்கும் கொண்டுவந்தாள்.

"உன் பொண்டாட்டி உத்தரவோட குடுக்கறேன்" என்றாள் கேலனிடம். "சாட்சிக்கு அவளே நிக்கிறா."

மறுநாள் காலை கேலன் காப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

"பனியில சாகல, ஐஸ்ல சாகல, எதுலயும் சாகல" என்றான் கடைசியில். "காலிஃப்ளவர்ல செத்தான்னு கல்லறைல எழுதியிருப்பாங்க."

லவோன் சிரிக்கவில்லை. அவனும் அதோடு விட்டுவிடவில்லை.

"நான் குழந்தை இல்ல லவி. என் வாயில என்ன போகுதுன்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சா நீ சாப்பிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? சண்டை போட்டிருப்போம். சண்டைல யாரும் சாகறதில்ல."

அவள் கை மேசை விளிம்பைப் பற்றியது. "டேலுக்குக் காலை எடுத்த அன்னிக்கு நீ ஆஸ்பத்திரி வாசல்ல லாரிக்குள்ளயே உக்காந்திருந்தே. உள்ள போனது நான். போர்வை அந்தப் பக்கம் திடீர்னு தட்டையா இருந்துச்சு. அதை நான் பாத்தேன் கேலன். நீ பாக்கல. அதான் உனக்குப் பயம் இல்ல."

கேலன் கோப்பையைத் தள்ளிவைத்தான்.

"பயம் இல்லன்னு யாரு சொன்னா?" என்றான். "பயம் இல்லாமலா உள்ள வராம உக்காந்திருந்தேன்?"

நாற்பது வருஷத்தில் அவள் கேட்காத வார்த்தை அது. அதைக் கேட்டு அவளுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வீட்டில் பயப்படாத ஆள் என்று ஒருவனாவது இருந்தான். இப்போது அதுவும் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை அவள் அதே கோழியைச் செய்தாள். காலிஃப்ளவரைக் கேலன் கண்ணெதிரே துருவினாள். மாத்திரைக் குழாய்கள் நாலு வாங்கி, நாலு இடத்தில் வைத்திருந்தாள். தட்டம் ஓவனிலிருந்து வெளியே வந்ததும் கேலன் குளியலறைக்குப் போகவில்லை. அட்டையையும் பேனாவையும் சமையல் மேடைக்கே கொண்டுவந்தான். சட்டையைத் தூக்கினான். வெள்ளை வயிறு, அங்கங்கே சின்னச் சின்ன நீலத் தடங்கள். அவள் இதுவரை பார்க்காதவை.

"சொல்லு. இதுல என்ன இருக்கு?"

"கோழி."

"அது ஒண்ணுமில்ல."

"கிரீம். கிரீம் சீஸ். காளான். பூண்டு. காலிஃப்ளவர் அரைப் பூ."

"மாவு?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் பேனாவின் அடியைத் திருகினான். டிக், டிக், டிக். மூன்று. ஊசி முனை தோலுக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நின்றது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான், அவள் சொல்லட்டும் என்று.

லவோன் காலையிலிருந்து போட்டதையெல்லாம் மனதுக்குள் மறுபடி எடுத்து எடுத்துப் பார்த்தாள். முட்டை ஒன்று. சீஸ் ஒரு கை. வேறு ஏதாவது? வேறு ஏதாவது இருக்கிறதா?

"இரு," என்றாள். "இன்னொரு தடவை சொல்றேன். கோழி..."